பதற்ற நோய் இருந்தால் வேறு நோய் வராதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) வீடு. ஏழு வருடமாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். அப்பா 51 வயதில் வேலைக்காட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வருடமாக இவருக்கு ராத்திரியில் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, ‘அப்பா மாதிரி நானும் இதோ போகப்போகிறேன்’ என்று தோன்றுகிறது. பல தடவை எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஈ.சி.ஜி. நார்மல். ‘மிஸ்ஸிகளுக்கு (நர்ஸ்களுக்கு) என் முகம் தெரிந்துவிட்டது, இனி அங்கே போகவே கூச்சமாக இருக்கிறது’ என்கிறார்.

போன வருடம் அரசாங்க கிளினிக்கில் பதற்ற நோய் என்று சொல்லி, அதைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாள் போட்டார், குமட்டலும் படபடப்பும் கூடியது, பழக்கமாகிவிடுமோ என்ற பயம் வேறு, நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு பிரைவேட் கிளினிக்கில் ‘தூங்குவதற்கு’ என்று கொடுத்த அல்பிரஸோலம் மாத்திரையை எட்டு மாதமாக ராத்திரிதோறும் பாதி போடுகிறார். இப்போது நான்கு மாதத்தில் 6 கிலோ இறங்கியிருக்கிறது. மாதவிடாய் கட்டி கட்டியாகப் போகிறது, கை நடுங்குகிறது, மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, முடி கொட்டுகிறது. கிளினிக்கில் சொன்னபோது, கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் அந்தப் பதற்றம்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாமியார் கோயிலில் மந்திரிக்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதியின் பிளெக்ஸிபல் கணக்கிலிருந்து 4,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து ஈப்போவில் முழு உடல் ஸ்கேன் செய்துவிடலாமா, இது உடம்பா மனசா, தொழிற்சாலைக்குத் தெரிந்தால் வேலை போகுமா, மகளுக்கும் இது வருமா என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘சில ராத்திரி, விடியாமலே போனால் நல்லது என்று இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கெல்லாம் சில நாள் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்க முடியாது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் பயத்தோடேயே இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை மனசுக்குள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. இன்றைக்கே கணவரிடமோ நீங்கள் நம்புகிற இன்னொருவரிடமோ அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பினர் 24 மணி நேரமும் எடுப்பார்கள், எண் 03-7627 2929. தமிழில் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த எண்ணம் உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற யோசனையாக மாறினால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். மிஸ்ஸிகள் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கே வேண்டாம்.

இப்போது உடம்பா மனசா என்ற கேள்வி. ராத்திரியில் வரும் அந்தத் தாக்குதல் பேனிக் அட்டாக் என்றுதான் எனக்கும் படுகிறது, அதைச் சொன்ன டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை. பயம் வந்ததும் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அது குறைந்தால் சுண்ணாம்புச் சத்து நரம்புகளில் வேலை செய்யும் விதம் மாறும், அதனால்தான் விரல் மரப்பதும் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பதும், சிலருக்குக் கை கோணிக்கொள்வதும். கணவர் நினைப்பதுபோல ‘ஒன்றும் இல்லை’ என்பது இல்லை இது, உடம்பில் நிஜமாக நடப்பது. அந்த நேரத்தில் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம், ஒருவேளை அது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆபத்து. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி, வாயைக் குவித்து மெதுவாக விடுங்கள், அது போதும்.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம். முயற்சி எதுவும் செய்யாமல் நான்கு மாதத்தில் 6 கிலோ இறங்கினால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும், கார்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பதற்ற நோய் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் புகாரும் அதே கணக்கில் போய்ச் சேருவது பல நாடுகளில் நடக்கிற விஷயம், மருத்துவர்களாகிய நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இது. பதற்ற நோய் உள்ளவர்களின் உடம்பைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஏனென்றால் தைரோய்டு கோளாறு, ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, எரிச்சல் குடல், ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாம் இவர்களிடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே காணப்படுகின்றன. தூக்கம் கெடுவது ஒரு காரணம். நெஞ்சு அடித்துக்கொள்ளுமே என்று பயந்து நடக்காமல் இருப்பது, கெட்ட செய்தி வருமோ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, சிலர் சிகரெட்டில் இறங்குவது என்று இப்படியும் சேர்கிறது. 2010ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 20 ஆய்வுகளில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்து, பதற்றம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று சொன்னது. பயந்துவிடாதீர்கள், நூறில் 26 பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, நூறு பேரில் நாலு பேருக்கு வரவேண்டியது ஐந்து பேருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் என்ன பரிசோதனை

ஒரே நோயைக் கண்டுபிடித்து அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முயல வேண்டாம். எடை இறங்குவது, கை நடுக்கம், படபடப்பு, முடி கொட்டுவது எல்லாம் சேர்ந்தால் முதலில் தைரோய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்ப்பேன். வியர்வையும் உஷ்ணமும் கூடியிருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். ஆனால் தைரோய்டு கூடினால் பொதுவாக மாதவிடாய் குறையும், உங்களுக்கு அதிகமாகிறது. கட்டியாக ரத்தம் போனால் இரும்புச் சத்து இறங்கி ரத்தசோகை வரும், ரத்தசோகையிலும் படபடப்பும் மாடிப்படி இளைப்பும் உண்டு, முடியும் கொட்டும். ஆக இரண்டு பிரச்சினை பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், கூடவே பதற்ற நோயும் இருக்கலாம், ஒன்று இருக்கிறதென்பதற்காக மற்றது பொய்யாகிவிடாது. 44 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்களும் தொடங்கியிருக்கலாம், அதிலும் ராத்திரி வியர்வையும் படபடப்பும் வரும், ஆனால் அதிக ரத்தப்போக்கை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் கர்ப்பப்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனிப்பு நீரையும் (சர்க்கரை நோய்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை இறக்கமும் அதன் அடையாளம், 2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், காசநோயா என்று பார்க்கச் சளியும் எக்ஸ்ரேயும்.

முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சத்து அளவு, தைரோய்டு, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ரத்த அழுத்தம், இன்னொரு ஈ.சி.ஜி. ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். கொழுப்பையும் அழுத்தத்தையும் ஏன் சேர்த்தேன் என்றால், அப்பா 55 வயதுக்கு முன்னாலேயே இதய நோயில் போயிருப்பது உங்களுக்கு நிஜமான ஒரு அபாயக் காரணி. உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. ராத்திரி நேரத்து ஈ.சி.ஜி. ‘இந்த நிமிடம் மாரடைப்பு இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும், அடுத்த பத்து வருடத்தைப் பற்றிச் சொல்லாது. அதற்கு இந்த எண்கள் வேண்டும். ஒரு சின்ன விஷயம்: முடி கொட்டுகிறதென்று பயோட்டின் வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அது தைரோய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டிவிடும், ரத்தம் எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ‘டாக்டர், எனக்கு ஒரே படபடப்பு’ என்று தொடங்கினால் பேச்சு பழைய இடத்துக்கே போய்விடும். எடையிலிருந்து தொடங்குங்கள், தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் தமிழ் தெரியாதவர் என்றால் இப்படி: ‘பெராட் பாடான் சாயா தூருன் எனாம் கிலோ டாலாம் எம்பாட் பூலான், சாயா தாக் டயட். டாராஹ் ஹைட் பான்யாக். போலே பெரிக்ஸா தைரோயிட் டெங்ஙான் ஹெமோகுளோபின்?’ நான்கு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது, டயட் இல்லை, மாதவிடாய் அதிகம், இரண்டையும் பார்க்க முடியுமா என்று நேராகக் கேட்கிறீர்கள். அப்படியும் மறுத்தால் குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். பல கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) அந்த நிபுணர் இருக்கிறார், அல்லது குறிப்பிட்ட நாளில் வருகிறார்.

அந்த நாலாயிரம் வெள்ளி

எடுக்காதீர்கள். மேலே சொன்ன பரிசோதனைகளை கிளினிக் கெசிஹாத்தானிலேயே தொடங்கலாம், குடியுரிமை உள்ளவர்களுக்கு டாக்டரைப் பார்க்க 1 வெள்ளி, பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்பினால் 5 வெள்ளி. உங்களுக்கோ கணவருக்கோ எஸ்.டி.ஆர். உதவித்தொகை வருகிறதென்றால், 40 வயது தாண்டிவிட்ட உங்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் பதிவு செய்த பிரைவேட் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை இலவசம், மனநலக் கேள்விகளும் அதில் உண்டு.

பணம் மட்டும் காரணம் இல்லை. அறிகுறியைப் பார்க்காமல் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்தால் யாருக்கும் ஏதாவது ஒன்று தெரியும், ஈரலில் ஒரு சின்ன நீர்க்கட்டி, தைரோய்டில் ஒரு புள்ளி. பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை. ஆனால் அதை உறுதிப்படுத்த இன்னொரு ஸ்கேன், அதற்கு இன்னொரு காத்திருப்பு, அந்தக் காத்திருப்பு நாட்களில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். புற்றுநோய் ‘மார்க்கர்’ ரத்தப் பரிசோதனைகளையும் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள், நோய் இல்லாதவர்களைச் சலித்துப் பார்க்க அவற்றில் பெரும்பாலானவை நம்பத் தகுந்தவை அல்ல.

எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை. பழக்கமாகிவிடும் என்று பயந்து செர்ட்ராலினை நிறுத்தினீர்கள், பழக்கமாகக்கூடிய அல்பிரஸோலத்தை எட்டு மாதமாக நம்பிப் போடுகிறீர்கள். அந்தச் சின்ன மாத்திரை சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் இறங்கிவிடும். மறுநாள் மதியம், சாயங்காலம் அது உடம்பில் குறையும்போது வரும் நடுக்கமும் படபடப்பும் உங்கள் நோய் கூடிவிட்டதுபோலவே இருக்கும், உங்கள் கை நடுக்கத்தில் ஒரு பங்கு இதுவாகக்கூட இருக்கலாம். விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மாத்திரையின் மயக்கம் அந்த நேரத்தில் மிச்சம் இருக்கும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். எட்டு மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கும் நாட்களில் மதுவோ தூக்கம் தரும் இருமல் மருந்தோ கூடவே கூடாது.

செர்ட்ராலினில் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், பேதி, கொஞ்சம் கூடுதல் படபடப்பு வருவது தெரிந்த விஷயம், யாரும் முன்னாலேயே சொல்லாமல் விட்டதுதான் குறை. 25 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு, ஒரு வாரம் கழித்துக் கூட்டினால் பலரும் தாங்கிக்கொள்கிறார்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடர வேண்டும். இதையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரும், குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஆனால் மாத்திரைக்கு ஏங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போகும் நிலை இதில் இல்லை. மறுபடி தொடங்குமுன் மாதவிடாய் அதிகம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரை ரத்தக் கசிவைக் கொஞ்சம் கூட்டலாம், அதோடு பொன்ஸ்தான் மாதிரி வலி மாத்திரையும் அடிக்கடி சேர்ந்தால் வயிற்றுக்குள் கசியும் அபாயம் இருக்கிறது. செர்ட்ராலின் மறுபடி தொடங்கிய நாட்களில் ஏதேனும் எண்ணம் மோசமாகிறதென்று தோன்றினால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் போங்கள்.

மாத்திரை இல்லாமலும் பேனிக்குக்கு நல்ல சிகிச்சை உண்டு, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பார்கள். நெஞ்சு வேகமாக அடிப்பதே ஆபத்து இல்லை என்று உடம்புக்கு மறுபடி பழக்கிக் கொடுப்பது அதில் ஒரு பகுதி, வேண்டுமென்றே படி ஏறி, அடிக்கவிட்டு, தானாக அடங்குவதைப் பார்ப்பது. உங்களுக்கு ரத்தசோகையும் தைரோய்டும் பார்த்து முடிந்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ரிஃபெரல் கேளுங்கள், காத்திருப்பு இருக்கும், அதனால் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் தே தாரிக்கோடு விழுங்க வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேர இடைவெளி வையுங்கள். ராத்திரி ஷிப்டில் மூன்று கோப்பி என்று எழுதியிருந்தீர்கள், அதை ஒன்றாகக் குறையுங்கள், ஒரேயடியாக விட்டால் தலைவலிக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் பொடியைத் தொட வேண்டாம். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவில்லாத பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. போட்ட மறுநாளே தெம்பு வரும். சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், தூக்கம் போகும், வயிறு புண்ணாகும். அந்த அக்காவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறார் என்றால் அவரும் திடீரென்று நிறுத்தாமல் டப்பாவோடு டாக்டரிடம் போகட்டும். கோயிலுக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மனசுக்கு அது நல்லது, மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை அதில் எந்தத் தடையும் இல்லை.

பேனிக் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாத நேரங்கள்

உங்களுக்குப் பழக்கமான தாக்குதல் எப்படி வரும், எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதிலிருந்து மாறி, நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுகிறதென்றால், அல்லது அழுத்தம் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவி, வியர்வை கொட்டினால், மயங்கி விழுந்தால், 999 கூப்பிடுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் குமட்டலும் மூச்சிரைப்பும் மட்டுமாகவும் மாரடைப்பு வரலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடுக்கு மேல் நனைந்தால், மலம் கறுப்பாகப் போனால், வயிற்றுக் கலக்கம் தூக்கத்திலிருந்தே எழுப்பினால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

வேலையும் வீடும்

எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்கலாம், உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் தொழிற்சாலைக்கு அதைச் சொல்லக் கூடாது. 1955ஆம் வருட வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை தனியாக. அதைப் பயன்படுத்துவது உங்கள் உரிமை. சூப்பர்வைசரிடம் எவ்வளவு சொல்வது என்பது வேறு விஷயம். ராத்திரி ஷிப்டை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தால், ‘ரத்தத்தில் கோளாறு, சிகிச்சையில் இருக்கிறேன், டாக்டர் தூக்கம் ஒழுங்காக வேண்டும் என்கிறார்’ என்று சொல்ல, முடிவு வந்த பிறகு உங்கள் கையில் ஒரு மருத்துவக் கடிதம் இருக்கும். அதுவரை பொறுங்கள்.

கணவரை அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், லோரி ஒரு நடை குறைந்தாலும் பரவாயில்லை. ‘டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்’ என்கிற அவர், டாக்டர் வாயாலேயே ‘இருக்கிறது, சரிசெய்யலாம்’ என்று கேட்டால் வீட்டில் பேச்சு மாறும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ராத்திரியில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை அவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், யாரும் ஒன்றும் சொல்லாததால் அம்மா சாகப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று மறைக்காதீர்கள். அம்மாவுக்குப் பதற்ற நோய் இருக்கிறது, ரத்தமும் குறைந்திருக்கலாம், பரிசோதனை செய்யப்போகிறோம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள், அல்பிரஸோலம் அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த முடிவு வந்ததும் அந்தத் தாளில் உள்ள எண்களோடு எனக்கு எழுதுங்கள், அடுத்தது என்ன என்று அதை வைத்துச் சொல்கிறேன்.